பந்து குத்தி வீங்கிய விரலுக்கு எந்த உறை, எந்தக் கட்டு?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பக்கம் மாலை நேரத்தில் பள்ளிப் பெண்களுக்கு நெட்பால் சொல்லிக்கொடுக்கிறேன். சனிக்கிழமைகளில் வேலைக்குப் போகும் பெண்களின் அணி ஒன்றும் என்னிடம் வருகிறது. பகல் வேலை கைக்குச் சிகிச்சை தரும் ஓர் இடத்தில், உதவியாளராக. இரண்டு இடத்திலும் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "அக்கா, விரல் வீங்கிடுச்சு, மருந்துக்கடையில எதை வாங்கிப் போடட்டும்?"

கேட்பவர் கையில் பெரும்பாலும் ஒரு விரல் உறை ஏற்கனவே இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு அன்றைக்கே ஆடலாமா என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வீக்கத்தை அழுத்திக் குறைப்பது ஒரு வேலை. அடிபட்ட மூட்டு பக்கவாட்டில் சாயாமல் தாங்குவது வேறு வேலை. கடையில் விற்கும் மெல்லிய உறை முதல் வேலையைத்தான் செய்யும். இரண்டாவதை அதனிடம் எதிர்பார்த்தால் விரல்தான் வீணாகும்.

பந்து விரல் நுனியில் நேராக வந்து குத்தும்போது அந்த விசை எலும்பு வழியாக உள்ளே போய் நடு மூட்டில் சேர்கிறது. அந்த மூட்டின் இரண்டு பக்கமும் தாங்கி நிற்கும் நார்களும், உள்ளங்கைப் பக்கத்தில் இருக்கும் கெட்டியான தகடு போன்ற நாரும் இழுபட்டுப் போகின்றன. அதனால்தான் நடு மூட்டு வீங்குகிறது. விரலில் சதை குறைவு, தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் இடமும் குறைவு. கொஞ்சம் நீர் சேர்ந்தாலே மூட்டு மடங்காது. வீங்கிய மூட்டு தானாகவே அரைகுறையாக மடங்கிய நிலையில் போய் உட்காரும், உள்ளே நீருக்கு அப்போதுதான் அதிக இடம் கிடைக்கும். அப்படியே வாரக்கணக்கில் விட்டால் உள்ளங்கைப் பக்க நார் சுருங்கி, விரல் முழுதாக நிமிராமல் போய்விடும். வீக்கத்தைக் குறைக்க இவ்வளவு மெனக்கெடுவது இதற்காகத்தான், பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக இல்லை.

எதையும் சுற்றுவதற்கு முன்னால்

முதலில் மோதிரம். பெண்கள் அணியில் கல்யாண மோதிரத்தின் மேல் டேப் சுற்றிக்கொண்டு ஆடுகிறவர்கள் உண்டு. விரலில் பந்து குத்திய அடுத்த நிமிடமே டேப்பைக் கிழித்து மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். ஆட்டம் முடியட்டும் என்று பொறுத்தால் அதற்குள் மூட்டு பருத்துவிடும், அப்புறம் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். சோப்புத் தண்ணீர் போட்டு, கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, மெதுவாகச் சுழற்றிக் கழற்றுங்கள்.

அடுத்தது, விரலைப் பிடித்து யாரும் இழுக்கக் கூடாது. நம் வீடுகளில் இது பெரிய பழக்கம். ஆயாவோ, பக்கத்து வீட்டு ஆன்ட்டியோ எண்ணெய் போட்டு "சுளுக்கு எடுக்கிறேன்" என்று உருவி, ஒரு சொடுக்குப் போட்டு இழுப்பார்கள். அன்போடுதான் செய்கிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பாதி கிழிந்த நாரை முழுசாகக் கிழிக்க அந்த ஒரு இழுப்பு போதும். எலும்பில் கீறல் இருந்தால் அது விலகவும் கூடும். விரல் கோணிக்கொண்டு நின்றால் மூட்டு நழுவியிருக்கலாம், எலும்பு முறிந்தும் இருக்கலாம். அதை மருத்துவர்தான் சரி செய்ய வேண்டும், மைதானத்தில் நாம் இல்லை. மஞ்சள் பத்து போட்டிருந்தால் கழுவிவிடுங்கள். பத்துக்கு அடியில் தோல் கன்றியிருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்று பார்க்க முடியாது. அதன் மேல் உறை போட்டால் தோல் அரிக்கும்.

பிறகு, இது வெறும் சுளுக்குதானா என்று பாருங்கள். இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள், ஏனென்றால் கீழே நான் சொல்லப்போகும் உறை, கட்டு எல்லாமே சுளுக்குக்குத்தான்.

விரல் நுனி தொங்கிக்கொண்டு தானாக நிமிரவில்லை என்றால் நுனியை நிமிர்த்தும் நார் அறுந்திருக்கிறது. அதற்கு அழுத்த உறை பிரயோஜனப்படாது. நுனி மூட்டை நேராகப் பிடிக்கும் ஸ்பிளின்ட்டை, அதாவது வளையாத தாங்கு பட்டையை, 6 முதல் 8 வாரம் இரவும் பகலும் கழற்றாமல் போட வேண்டும். கழுவும்போதுகூட நுனி மடங்கக் கூடாது.

நேர் மாறாக, கையை மூடும்போது மற்ற விரல்கள் எல்லாம் மடங்கி, அடிபட்ட விரலின் நுனி மட்டும் மடங்காமல் நீட்டிக்கொண்டு நின்றால் மடக்கும் நார் எலும்பிலிருந்து பிய்ந்திருக்கலாம். மோதிர விரலில் இது அதிகம். இதற்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை வேண்டும். அதுவும் ஒரு வாரம், பத்து நாளுக்குள் செய்தால்தான் நல்லது. "வீக்கம் வத்தட்டும், பார்க்கலாம்" என்று காத்திருந்தால் நார் உள்ளே சுருங்கிப் போய்விடும்.

மூன்றாவதைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் பழக வேண்டும். விரலை மேசை விளிம்பில் வைத்து நடு மூட்டைச் செங்கோணமாக மடக்குங்கள். நடு எலும்பின் மேல் உங்கள் விரலை லேசாக அழுத்திக்கொண்டு, "நிமிர்த்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். நல்ல விரல் நடு எலும்பால் உங்கள் விரலை மேலே தள்ளும், நுனி தொளதொளவென்று இருக்கும். நடுவில் தள்ளுகிற பலமே இல்லாமல் நுனி மட்டும் விறைத்துக்கொண்டு நிமிர்ந்தால் நடு மூட்டின் மேல்புற நார் போயிருக்கலாம். முதல் சில நாள் விரல் பார்ப்பதற்குச் சாதாரணச் சுளுக்கு மாதிரியேதான் இருக்கும், அதனால்தான் இது தப்பிவிடுகிறது. இதற்கும் மூட்டை நேராகப் பிடிக்கும் ஸ்பிளின்ட்தான் வைத்தியம், கிட்டத்தட்ட 6 வாரம்.

உள்ளங்கைப் பக்கத்தில் தொட்டால் உயிர் போகிற வலி, விரலைப் பக்கவாட்டில் லேசாக அசைத்தால் சொத்தென்று சாய்வது, விரலை மூடும்போது அது பக்கத்து விரல் மேல் ஏறுவது, மரத்துப் போவது, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் போய் எக்ஸ்ரே படம் எடுக்க வேண்டும். சிறுபிள்ளைகளுக்கு என் அளவுகோல் இன்னும் கடுமையானது. அவர்கள் எலும்பில் வளரும் குருத்துப் பகுதி இருக்கிறது, அது நாரைவிடப் பலம் குறைந்தது. பெரியவர்களுக்குச் சுளுக்காகப் போகிற அடி, பிள்ளைக்கு அந்தக் குருத்தில் முறிவாகப் போகலாம். மூட்டுக்குப் பக்கத்தில் எலும்பைத் தொட்டு வலித்தால் உறை வாங்க ஓடாமல் எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப் போங்கள். நகத்தடியில் ரத்தமும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே.

இதெல்லாம் இல்லை, விரல் மெதுவாகவாவது மடங்குகிறது, நிமிர்கிறது, வீக்கமும் வலியும்தான் இருக்கிறது என்றால், சரி, இப்போது கடைக்குப் போகலாம். அதற்கு முன் ஐஸ். துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம், முதல் இரண்டு நாள் நாலைந்து முறை. கை நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். மின்சாரம் எப்போது நிற்கும் என்று தெரியாத நாட்களில் பழகிய பழக்கம், பயிற்சிக்குப் போகும்போது கூலர் பாக்ஸில் ஐஸ் இல்லாமல் நான் போவதில்லை.

தன்மேல் தானே ஒட்டும் பேண்டேஜ்

முதல் மூன்று நாளுக்கு நான் கைகாட்டுவது இதைத்தான். தோலில் ஒட்டாது, முடியைப் பிடுங்காது, தன்மேல் மட்டும் ஒட்டும். கோபன் என்று கேட்டாலும் கடையில் புரியும். விரலுக்கு 2.5 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். கடையில் 5 சென்டிமீட்டர் மட்டும் இருந்தால் ஒரு சாண் நீளம் பிரித்து, நீளவாக்கில் பாதியாக வெட்டிக்கொள்ளலாம்.

உறையைவிட இதை மேலாகச் சொல்லக் காரணம், முதல் நாட்களில் வீக்கம் நிலையாக இருக்காது. காலையில் ஒரு சுற்றளவு, சாயங்காலம் ஒரு சுற்றளவு. பேண்டேஜை ஒவ்வொரு முறையும் அன்றைய விரலுக்கு ஏற்றபடி புதிதாகச் சுற்றலாம். உறை ஒரே அளவுதான்.

ஆனால் இதைச் சுற்றுவதில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். ரோலிலிருந்து நேரடியாக இழுத்து இழுத்துச் சுற்றினால் அது நீண்ட நிலையில் விரல் மேல் உட்கார்ந்து, பிறகு சுருங்கி இறுக்கிக்கொண்டே போகும். இரண்டு, மூன்று அடுக்கு சேரும்போது அழுத்தமும் அடுக்கடுக்காகக் கூடும். அதனால் முதலில் தேவையான நீளத்தை ரோலிலிருந்து பிரித்து, வெட்டி, மேசை மேல் அரை நிமிடம் விடுங்கள். அது சுருங்கித் தன் அளவுக்கு வரும். இப்போது நகத்துக்குக் கீழே, விரலின் நுனி மூட்டிலிருந்து ஆரம்பித்து உள்ளங்கையை நோக்கிச் சாய்வாகச் சுற்றிக்கொண்டு வாருங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூட வேண்டும். நுனிப் பக்கம் கொஞ்சம் இறுக்கம், அடிப் பக்கம் வர வரத் தளர்வு. நீர் மேலே கைப் பக்கம் போக வேண்டும் அல்லவா? அடியில் இறுக்கினால் நுனியில் தேங்கிவிடும். கடைசிச் சுற்றை இழுக்கவே வேண்டாம், சும்மா படிய வைத்து அமுக்கினால் ஒட்டிக்கொள்ளும். நகம் எப்போதும் வெளியே தெரிய வேண்டும்.

சுற்றி முடித்ததும் நகத்தை அமுக்கி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். விரல் 'தொக்கு தொக்கு' என்று துடித்தாலோ, நுனி குளிர்ந்தாலோ, மரத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ உடனே கழற்றிவிடுங்கள். தூங்கப் போகும்போதும் கழற்றிவிடச் சொல்வேன், தூக்கத்தில் இறுக்கம் தெரியாது. கையை ஒரு தலையணை மேல் உயர்த்தி வைத்துப் படுத்தால் போதும்.

இவ்வகைப் பேண்டேஜ்கள் பலவற்றில் லேட்டக்ஸ் இருக்கும். பலூன் ஊதினாலோ ரப்பர் கையுறை போட்டாலோ அரிப்பு வருகிறவர்கள் லேட்டக்ஸ் இல்லாதது என்று கேட்டு வாங்குங்கள். சர்க்கரை நோயில் விரல் உணர்ச்சி குறைந்தவர்களும், குளிரில் விரல் வெளுத்துப் போகிறவர்களும் அழுத்தும் எதையும் மருத்துவரிடம் கேட்காமல் போட வேண்டாம். நம் சமூகத்தில் சர்க்கரை அதிகம் என்பதால் சனிக்கிழமைப் பெண்கள் அணியில் இதை முதலிலேயே கேட்டுவிடுவேன்.

பின்னல் உறையும் ஜெல் உறையும்

நாலாம், ஐந்தாம் நாள் வாக்கில் வீக்கம் ஒரு நிலைக்கு வந்ததும் உறை வசதி. ஒரு கையாலேயே போடலாம், கழற்றலாம், பாத்திரம் கழுவும்போது எடுத்து வைக்கலாம். அளவு எடுக்கும்போது வீங்கிய மூட்டின் மேல்தான் எடுக்க வேண்டும், விரலின் அடியில் இல்லை. ஒரு காகிதத் துண்டைச் சுற்றிக் குறி வைத்து, அதை ஸ்கேல் மேல் வைத்துப் பாருங்கள். சாயங்காலம் எடுங்கள், அப்போதுதான் விரல் அதிகம் பருத்திருக்கும். இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் பெரியதையே வாங்குங்கள். வீங்கிய மூட்டைத் தாண்டி உறையை இழுப்பது வலிக்கும், அதனால் காலுறை மாதிரி சுருட்டி, நுனியில் வைத்துக் கீழே உருட்டுங்கள். கழற்றிய பிறகு தோலில் பின்னல் தடம் கொஞ்ச நேரத்தில் மறைய வேண்டும். வெகுநேரம் பள்ளமாகவே நின்றால் உறை சிறிது.

பின்னல் உறையின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் தடவிப் பார்த்து வாங்குங்கள். தடித்த ரப்பர் விளிம்பு வைத்துத் தைத்திருந்தால் அது மோதிரம் மாதிரி ஒரே இடத்தில் அறுக்கும். விளிம்பும் நடுவும் ஒரே மாதிரி நீளுகிற உறைதான் நல்லது. நடு மூட்டு உறையின் நடுவில் வரும் அளவுக்கு நீளமும் வேண்டும்.

ஜெல் பூசிய குழாய் உறை பெரும்பாலும் கால் விரலுக்கென்று பாதப் பராமரிப்புப் பொருட்களோடு தொங்கும். அதையே கத்தரியால் வேண்டிய நீளத்துக்கு வெட்டிக் கை விரலுக்கும் போடலாம். மெத்தென்று இருக்கும், அடுத்த அடி படும்போது கொஞ்சம் காக்கும். ஆனால் காற்றுப் போகாது. டர்பனில் பிப்ரவரிப் புழுக்கத்தில் ஒரு மணி நேரத்திலேயே உள்ளே வியர்த்து, தோல் துணி துவைத்த கை மாதிரி வெளுத்துச் சுருங்கிவிடும். ஊறிய தோல் உரிந்து புண்ணாகும். கோடையில் பின்னல் உறை, இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் வேண்டுமானால் ஜெல், இதுதான் நான் சொல்வது. நுனி மூடிய தொப்பி மாதிரி வருவதை வாங்கவே வேண்டாம், நகத்தைப் பார்க்க முடியாது.

அழுத்தக் கையுறை, அதாவது மூட்டுவாதக்காரர்கள் போடும் விரல் நுனி திறந்த கையுறை, ஒரு விரல் சுளுக்குக்கு எனக்குப் பிடித்ததில்லை. அதன் விரல் பகுதி பெரும்பாலும் நடு மூட்டுப் பக்கத்திலேயே முடிந்துவிடும். வீங்கிய மூட்டு வெளியே நிற்க, விளிம்பு அதற்குக் கீழே இறுக்கும். நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். வீக்கம் புறங்கை முழுவதும் பரவியிருந்தால் மட்டும் யோசிக்கலாம், அப்படிப் பரவியிருந்தால் மருத்துவரிடமும் காட்ட வேண்டும்.

நீளாத வெள்ளை ஸ்ட்ராப்பிங் டேப்பை வீங்குகிற மூட்டைச் சுற்றி வளையமாக ஒட்டுவதை மைதானத்தில் அடிக்கடி பார்க்கிறேன். அது அழுத்தம் இல்லை, விலங்கு. விரல் பருக்கும்போது அது கொடுக்காது. அந்த டேப்புக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது.

ஆடும்போது தாங்குவது பக்கத்து விரல்தான்

மூட்டைத் தாங்க நல்ல பக்கத்து விரலைவிடச் சிறந்த ஸ்பிளின்ட் இல்லை. அடிபட்ட விரலை அதனோடு சேர்த்துக் கட்டினால் பக்கவாட்டில் சாய முடியாது, ஆனால் மடங்கலாம், நிமிரலாம். அடிபட்ட நார் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து விரலோடு கட்டுங்கள். சுண்டு விரலுக்கு மோதிர விரலைத் தவிர வேறு வழியில்லை. ஆள்காட்டிக்கு நடு விரல்.

இரண்டு விரலுக்கும் நடுவில் காயத்துக்கு வைக்கும் மெல்லிய காஸ் துணியில் ஒரு சின்னத் துண்டு வையுங்கள், இல்லாவிட்டால் வியர்வையில் தோல் ஒட்டிப் புண்ணாகும். ஒரு பட்டை அடி மூட்டுக்கும் நடு மூட்டுக்கும் இடையில். இன்னொன்று நடு மூட்டுக்கும் நுனி மூட்டுக்கும் இடையில். மூட்டுகளின் மேல் ஒட்டவே கூடாது. கட்டிய பிறகு கையை மூடித் திறக்கச் சொல்லுங்கள். நடு மூட்டு சுலபமாக மடங்கினால் பட்டை சரியான இடத்தில் இருக்கிறது. துணியில் தைத்து வெல்க்ரோ வைத்த ரெடிமேட் பட்டைகளும் கிடைக்கின்றன. பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் அவை வசதி, ஒவ்வொரு நாளும் டேப் உரிக்க வேண்டாம். ஆட்டத்துக்கு டேப்தான், ஏனென்றால் வெல்க்ரோ முனை இன்னொரு பெண்ணின் சட்டையிலோ தோலிலோ மாட்டும். அலுமினிய ஸ்பிளின்ட்டோடு களத்தில் இறங்குவதை நான் விடுவதே இல்லை. நகம்கூட நீளமாக இருக்கக் கூடாது என்று நடுவர் கையைத் திருப்பிப் பார்க்கிற ஆட்டம் இது.

உறையும் பட்டையும் ஒன்றாகப் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம். மெல்லிய பின்னல் உறையை முதலில் மாட்டி, அதன் மேல் பட்டை. அப்போது காஸ் வேண்டாம், உறையே அந்த வேலையைச் செய்யும். நகத்தை அமுக்கிப் பார்ப்பது மட்டும் இரண்டும் போட்ட பிறகு இன்னொரு முறை.

எவ்வளவு நாள்?

முதல் இரண்டு, மூன்று நாள் பேண்டேஜ், ஐஸ், ஓய்வு. ஓய்வு என்றால் விரலை அசைக்காமல் வைப்பது இல்லை. வலி பொறுக்கிற அளவுக்கு, மணிக்கு ஒரு முறை மெதுவாக மடக்கி நிமிர்த்துங்கள். சும்மா இருக்கும் நேரத்தில் விரல் நேராக இருக்கட்டும். அப்புறம் உறை, பகலில் மட்டும். நடு மூட்டுக்குக் கீழே எலும்பை மறு கையால் பிடித்துக்கொண்டு நடு மூட்டை மட்டும் மடக்கி நிமிர்த்தும் பயிற்சியை இந்த நாட்களில் தொடங்குங்கள். காலையில் விரல் விறைப்பாக இருக்கும், வெதுவெதுப்பான நீரில் வைத்துச் செய்தால் சுலபம். ஒரு வாரமாகியும் வீக்கம் குறையவே இல்லை, அல்லது நிமிர்த்தும் தூரம் நாளுக்கு நாள் குறைகிறது என்றால் உறையை மாற்றிப் பயனில்லை, கையைப் பார்க்கத் தெரிந்த சிகிச்சையாளரிடம் போங்கள்.

ஆட்டத்துக்குத் திரும்ப நான் பார்ப்பது மூன்று: விரல் முழுதாக மூடித் திறக்க வேண்டும், மறு கைக்குச் சமமாகப் பிடிக்க வேண்டும், சுவரில் எறிந்த பந்தை முகம் சுளிக்காமல் பிடிக்க வேண்டும். லேசான சுளுக்குக்கு இரண்டு, மூன்று வாரம் ஆகலாம், இன்னும் கொஞ்சம் பலமான அடிக்கு ஆறு வாரம் வரை. திரும்பிய பிறகும் நாலு முதல் ஆறு வாரம் பக்கத்து விரலோடு கட்டிக்கொண்டுதான் ஆட வேண்டும். 2023இல் கேப் டவுனில் நெட்பால் உலகக் கோப்பை நடந்ததிலிருந்து எங்கள் பக்கத்துச் சிறுமிகளுக்கு ஓர் ஆட்டம்கூட விட மனசில்லை. அந்த ஆசை எனக்கும் புரிகிறது. ஆனாலும் உறையைக் காட்டி "எல்லாம் சரியாயிடுச்சு அக்கா" என்று வருகிற பிள்ளையை நான் முதலில் சுவருக்கு முன்னால்தான் நிறுத்துகிறேன்.

வலி போன பிறகும் மூட்டு கொஞ்சம் தடிப்பாகவே இருக்கும். ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். அது நார் ஆறுகிற தடிப்பு, அதை உறை போட்டு நசுக்க முடியாது. விரல் முழுதாக மடங்கி நிமிர்ந்தால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், மோதிரத்தைப் பெரிதாக்கக் கொடுக்கவும் அவசரப்பட வேண்டாம். உறையைத் தினமும் சோப்புப் போட்டுக் கையால் கசக்கி நிழலில் காய வையுங்கள். விரலில் போட்டதும் தானாக வழுக்கிக் கீழே இறங்க ஆரம்பித்தால் அதன் இழுவை போய்விட்டது, தூக்கிப் போட்டுவிடலாம்.